காவல் மரத்தை வெட்டியவர் யார்?

"இந்த மருதவாயில் நாட்டை ஒரே ஆளாக, ஒரே ஒரு கோடரியால் வென்றவன் நான்! வென்று, ஒரு வாய் வெற்றிலை மென்று முடிக்கும் நேரம் அரசாண்டு, அதற்குள் ஆட்சி அலுத்துப் போகவே, தும்மிக்கொண்டிருந்த ஒருவரிடம் நாட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனவன் நான்!"

வாசகப் பெருமக்களே! ஓர் அரசியின் முன்னால், அமைச்சரும் படைத்தலைவர்களும் அயல்நாட்டுத் தூதரும் கூடியிருக்கும் அவையில், பல்லெல்லாம் விடைபெற்றுப் போன ஒரு கிழவர் எழுந்து நின்று இப்படி முழங்கினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? சிரிப்பீர்கள். அவையோரும் சிரித்தார்கள். கவரி வீசிய பெண்கள் கவரியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். தூதருடன் வந்த பட்டத்து யானைகூடத் துதிக்கையை உயர்த்திச் சிரித்தது என்று சொல்வேன். ஆனால் அதை நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

அன்று ஆவணி மாதத்து முழுநிலா நாள். மேற்கு மலை முகடுகளுக்குப் பின்னால் கதிரவன் தன் செம்பட்டுக் குடையை மடக்கிக்கொண்டு போய்ச் சிறிது நேரமே ஆகியிருந்தது. கிழக்கே நாணற்பூக்களுக்கு மேலாகத் தலை நீட்டிய வெண்ணிலவு, இரு கரையையும் தழுவிப் புரண்டோடிய கன்னலாற்றின் புதுவெள்ளத்தில் தன் முகத்தைப் பார்த்து, பார்த்ததில் மயங்கி, மேலே ஏற மறந்து நின்றது. அந்த ஆற்றின் அழகை உள்ளது உள்ளபடி எழுதினால் என்னைப் பொய்யன் என்பீர்கள். ஆகையால் பாதியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கோட்டையின் நீர்வாயிலுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு மருதமரம் நின்றது. ஒரு மரமா, மூன்று மரமா என்று புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்புவார்கள். ஒரு கல்யாணக் கூட்டமே பந்தி விரித்து உட்காரத்தக்க அகலத்தில் (சரி, பந்தி வேண்டாம், மணமக்களாவது உட்காரலாம்) பழைய அடிமரம் ஒன்று முழங்கால் உயரத்தில் வெட்டுண்டு கிடந்தது. அதன் வேரிலிருந்து கிளைத்தெழுந்த மூன்று பெருந்தண்டுகள்தாம் இப்போது வானத்தை உரசிக்கொண்டிருந்தன. அந்த மரத்தின் கீழேதான், வழிவழி வந்த வழக்கப்படி, அரசி கொற்றநங்கை அன்று அவை கூட்டியிருந்தாள்.

அந்நாட்களில் சிற்றரசர் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு காவல் மரம் உண்டு. அதன் சுள்ளியைக்கூட எவரும் ஒடிக்கமாட்டார்கள். மதில் இடியலாம், மன்னன் மடியலாம். காவல் மரம் நிற்கும் வரை நாடு நிற்கும். எவனுடைய கோடரி அதை வீழ்த்துகிறதோ அவனே அந்த நாட்டை வென்றவன். வென்றவன் அந்த மரத்தடியில் தன் பட்டத்து யானையைக் கட்டுவான்; மரத்தைக் குடைந்து முரசு செய்து தன் தலைநகருக்குக் கொண்டுபோவான். இதுதான் அக்காலத்துப் போர்ச் சட்டம். கேட்பதற்கு விளையாட்டுப் போல இருக்கும். ஆனால் இதற்காக ஆயிரக்கணக்கானவர்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது அந்த மரத்துக்குச் சற்று அப்பால் ஒரு யானை நின்றது. அதன் பெயர் சத்துருபயங்கரன். பெயர் நீளத்துக்கு வால் நீளம் போதாது. அதன் முதுகில் பொன்னிழை பின்னிய கயிறு ஒன்று சுருண்டிருந்தது. அதை ஓட்டிவரச் செய்து ஆற்றைக் கடந்து வந்திருந்தவர், மேற்கே பரந்து கிடந்த பெருங்கோட்டம் என்னும் பேரரசின் தூதர், ஏனாதி அச்சுதக் கண்டர். நரைத்த மீசை, நிமிர்ந்த முதுகு, தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாத உதடு. படைத்தலைவராக இருந்து ஏனாதிப் பட்டம் பெற்றவர்.

அவர் அவைக்கு வந்தபோது ஒரு சிறு காரியம் நடந்தது. படகிலிருந்து இறங்கியவர் ஆற்றுப் பக்கமாகவே நேரே மரத்தடிக்கு வந்திருக்கலாம். அப்படி வரவில்லை. பாதரட்சைகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அடிமரத்தின் ஆற்றோரத்தில் இருந்த வெற்று மண்திட்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டு, நீட்டி வளைத்து நடந்து வந்தார். அங்கே கல்லில்லை, கோலமில்லை, ஒன்றுமில்லை. ஊரார் தினமும் மிதித்து நடக்கும் இடம். அதை ஒருவரும் கவனிக்கவில்லை, ஒரே ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர்தாம் நம் பூதந்தையார். கிழப் போர்வீரர். இடது காலில் ஒரு வேல் நுழைந்து வலது பக்கமாக வெளியேறிய தடம் உண்டு. அந்த வேலைப் பிடுங்கித் தாம் பல் குத்திக்கொண்டதாக அவர் சொல்லுவார். மருதவாயிலில் அவர் கதையைக் கேட்காத காது இல்லை, நம்பிய காதும் இல்லை.

தூதர் தம் செய்தியைச் சுருக்கமாகவே சொன்னார்.

"தேவி! எங்கள் பேரரையர் தங்களிடம் பொன் கேட்கவில்லை, நெல் கேட்கவில்லை, கோட்டைச் சாவியும் கேட்கவில்லை. நிலவு இந்த மரத்தின் உச்சியைத் தொடும் வேளையில் எங்கள் பட்டத்து யானையைத் தங்கள் திருக்கரத்தால் இதில் கட்ட வேண்டும். விடிந்ததும் அவிழ்த்துக்கொண்டு போய்விடுவோம். ஒரு கயிறு, ஓர் இரவு. அவ்வளவே."

"எந்த உரிமையில் கேட்கிறார் உங்கள் பேரரையர்?" என்றாள் கொற்றநங்கை.

"பழைய வெற்றியின் உரிமையில். தங்கள் தந்தையார் களத்தில் வீழ்ந்த அன்று எங்கள் படை இந்தக் காவல் மரத்தை வெட்டி வீழ்த்தியது. அதில் செய்த முரசு இன்றும் எங்கள் அரண்மனை வாயிலில் முழங்குகிறது. அன்று முதல் இந்த நாடு எங்களுடையது. மறுத்தால் அது போர் அல்ல, கலகம். கலகத்தை அடக்க எங்கள் படை அக்கரைக்கு அப்பால் காத்திருக்கிறது."

அமைச்சர் மாநாகர் எழுந்தார். நல்லவர், ஆனால் கஞ்சி சூடாக இருக்குமோ என்று பயந்து பட்டினி கிடக்கும் வகை.

"தேவி, இதில் உள்ள சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். மலைநாட்டுச் சிற்றரசர்கள் நமக்குத் துணை வருவதாக வாக்களித்தவர்கள். ஆனால் தன்னுரிமையுள்ள நாட்டுக்குத்தான் துணை வருவார்கள். மரம் வெட்டுண்டு தோற்ற நாடு கலகம் செய்தால் ஒரு வில்கூட வராது. நம் மரத்தைப் பெருங்கோட்டத்தார் வெட்டியது உண்மையானால் நாம் தனியாள். ஒரு கயிறுதானே? கட்டிவிட்டால் என்ன?"

"பெருங்கோட்டத்தார் வெட்டவில்லை!" என்று ஒரு குரல் இடைமறித்தது. "வெட்டியவன் நான்!"

அதைத் தொடர்ந்துதான் பூதந்தையார் அந்தப் பெருமையை முழங்கினார். அவை சிரித்தது. அச்சுதக் கண்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"கிழவரே! எந்த நாட்டு வீரனாவது தன் காவல் மரத்தைத் தானே வெட்டுவானா?"

"எந்த நாட்டு வீரனும் செய்யமாட்டான் ஏனாதியாரே. அதனால்தான் நான் செய்தேன்!"

"நாடகம் ஆடுகிறீர்."

"ஆடுகிறேன். கேட்பவர்கள் உட்கார்ந்திருக்கும் வரை ஆடுவேன். தேவி, உத்தரவு கொடுத்தால் சொல்கிறேன். நிலவு உச்சிக் கிளைக்கு வர இன்னும் நேரம் இருக்கிறது."

கொற்றநங்கையின் முகத்தில் சிரிப்பில்லை. அவள் தந்தையைப் பார்த்ததில்லை. அந்தப் போரின்போது அவள் கைக்குழந்தை. அன்று நடந்ததைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இந்தக் கிழவர் ஆண்டுக்கொரு விதமாகச் சொன்ன கதைதான். ஓர் ஆண்டு ஆற்றில் பத்து முதலை வரும். மறு ஆண்டு நூறு வரும். அன்றிரவு அவளைத் தூக்கிக்கொண்டு மலைக்குத் தப்பிப் போன பெரியவர்களில் பலர், ஊர் திரும்பும் முன்பே மலையில் மாண்டார்கள். எஞ்சியவர்கள், "இருட்டில் ஏதோ பாலத்தின் மேல் நடந்தோம்" என்பதற்கு மேல் அறியாதவர்கள்.

அவள் எழுந்து சென்று மருதமரத்தின் நடுத்தண்டில் வலக்கையை வைத்தாள்.

"அவையோரே, கேளுங்கள். இந்த மரத்தை வீழ்த்தியது பெருங்கோட்டத்தின் கோடரி என்றால், அந்தக் கயிற்றை என் கையாலேயே கட்டுவேன். நம் கோடரி என்றால், இதில் ஓர் இலை இருக்கும் வரை எவன் கயிறும் இதைத் தொடாது. என் தலை போனாலும் தொடாது. இது என் தந்தை மீது ஆணை! சொல்லுங்கள் பூதந்தையாரே."

பூதந்தையார் கையிலிருந்த கரும்புத் துண்டைச் சத்துருபயங்கரனிடம் நீட்டினார். அது வாங்கித் தின்றது. "பகைவர் வீட்டுப் பிள்ளை என்றாலும் பசி பசிதான்" என்று சொல்லிவிட்டுத் தொடங்கினார்.

"அன்று மாலை நம் அரசர் களத்தில் விழுந்தார். அவர் விழுந்தபோது மலையிலே இடி விழுந்தது, ஆறு பின்னோக்கி ஓடியது; அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். எஞ்சிய நாங்கள் அவர் உடலைக் கோட்டைக்குள் கொண்டுவந்தோம். பெருங்கோட்டத்துப் படை வயல்வெளியில் தங்கியது. அவர்கள் மதிலை இடிக்க முயலவில்லை. ஏன் இடிக்க வேண்டும்? விடியற்காலையில் இந்த மரத்தை வெட்டினால் தீர்ந்தது. மன்னன் இறந்த வீட்டில் ஒப்பாரி ஓயும் வரை அம்பு தொடுப்பதில்லை என்பது வழக்கம். ஆகையால் இரவு எங்களுக்கு மிச்சம். மரத்தைச் சுற்றி நின்று சாவது என்று ஆண்கள் எல்லோரும் முடிவு செய்தோம். கோட்டைக்குள் பெண்டு பிள்ளைகள், கிழவர்கள், காயம்பட்டவர்கள். விடிந்தால் அவர்கள் எல்லோரும் அடிமைகள். ஆற்றைக் கடந்து மலைக்குப் போகலாமென்றால் இதே போன்ற வெள்ளம்; படகுகளையெல்லாம் பகைவர் எரித்துவிட்டார்கள்."

அவர் குரலில் இருந்த விளையாட்டு சற்றே தணிந்தது.

"அப்போது சேந்தி வந்தாள்."

சேந்தியை மருதவாயில் அறியும். காவல் மரத்துக்கு மாலைதோறும் விளக்கேற்றும் குடும்பத்துப் பெண். உச்சிக் கிளையில் கயிற்றால் விளக்கை ஏற்றுவார்கள். அது பத்து ஊருக்குத் தெரியும். மரத்தின் கிழக்குப் பக்கம், கோட்டை வாயிலைப் பார்த்தபடி, விளக்கேந்திய பெண்ணின் உருவம் செதுக்கிய நடுகல் ஒன்று உண்டு. அது அவளுடையது. அடுத்த தை மாதம் அவளை மணக்க இருந்தவர் இந்தப் பூதந்தையார்தாம். அதன் பின் அவர் யாரையும் மணக்கவில்லை. கேட்டால், தம் அழகைத் தாங்கும் பெண் அதன் பிறகு பிறக்கவில்லை என்பார்.

"வந்தவள் எங்களைப் பார்த்துக் கேட்டாள்: 'இதற்குக் காவல் மரம் என்று பெயர் வைத்தது யார்? நம்மைக் காக்கத்தானே அந்தப் பெயர்? நாம் அதைக் காத்துக்கொண்டு நின்றால் எப்படி? அது நம்மைக் காக்கட்டும். வெட்டி ஆற்றின் குறுக்கே சாயுங்கள். நடுப்பாறைக்கு எட்டும். பாறைக்கு அப்பால் இடுப்பளவு நீர்தான்.' ஒரு கிழவர் அவளை அறைய எழுந்தார். நான்தான் கோடரியை எடுத்தேன். வீரத்தால் அல்ல, அவள் என்னைப் பார்த்த பார்வைக்குப் பயந்து!"

அவையில் சிலர் புன்னகைத்தார்கள்.

"கோடரிச் சத்தம் கேட்டால் பகைவர் வந்துவிடுவார்களே? அதற்காகக் கோட்டையிலுள்ள பறையையெல்லாம் அடிக்கச் சொன்னோம். பெண்கள் அரசருக்காக அழுதார்கள். அழுகை உண்மைதான், ஆனால் என் கோடரி விழும்போதெல்லாம் ஒரு மடங்கு கூடுதலாக அழுதார்கள். மரம் சாய்ந்தபோது எழுந்த ஓலத்தில் வானத்து மீன்கள் பாதி உதிர்ந்தன. இன்றைக்கும் எண்ணிப் பாருங்கள், குறைவாகத்தான் இருக்கும். ஆகவே, பெரியோர்களே, சட்டப்படி அந்தக் கணத்தில் மருதவாயிலை வென்றவன் யார்? நான்! வெற்றிலை போட்டுக்கொண்டேன். எதிரே ஒரு தாதி கூடையில் இளவரசியை வைத்துக்கொண்டு நின்றாள். குழந்தை தும்மியது. 'ஆயுசு நூறு, இந்தா உன் நாடு' என்று சொல்லிக் கூடையில் ஒரு மருத இலையைப் போட்டேன். தேவி, தாங்கள் அந்த இலையைத் தின்னப் பார்த்தீர்கள்."

கொற்றநங்கை தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். சிரித்த கண்ணில் நீர் ததும்பியது.

"விளக்கு என்னவாயிற்று?" என்று அச்சுதக் கண்டர் கேட்டார். கேட்ட குரல் வறண்டிருந்தது. "மரம் விழுந்தால் உச்சிக் கிளை விளக்கு இராதே. எங்கள் படை பார்த்துக்கொண்டுதானே இருந்திருக்கும்? உமது கதை அங்கேயே பொய்த்துவிட்டது."

"சரியான கேள்வி! ஏனாதி என்றால் சும்மாவா? விளக்கு அணைந்தால் படை வரும். ஆகவே மூங்கில் கழிகளைச் சேர்த்துக் கட்டி, அதன் நுனியில் விளக்கை ஏற்றி, அடிமரத்தின் மேல் ஏறி நின்று சேந்தி தூக்கிப் பிடித்தாள். கோட்டையே மரத்தின் முதுகில் நடந்து அக்கரை போனது. ஆற்றில் நூறு முதலைகள் வாயைத் திறக்காமல் வரிசையில் நின்று மரியாதை செய்தன. எல்லோரும் போன பிறகு அவளும் வர வேண்டும் என்பதுதான் பேச்சு. ஆனால் ஆட்கள் போகப் போக ஒப்பாரி குறைந்தது. பறை ஓய்ந்தது. வயல்வெளியில் தீப்பந்தங்கள் அசையத் தொடங்கின. விளக்கு இறங்கினால் அவர்கள் குதிரையில் வந்துவிடுவார்கள். மரம் கிடந்தால் அதன் மேலேயே எங்கள் பின்னால் வருவார்கள். நான் பாறையில் கடப்பாரையோடு நின்றேன். அவள் விளக்கை இரண்டு முறை ஆட்டினாள். மரத்தைத் தள்ளிவிடு என்பதற்கு அதுதான் அடையாளம்."

கிழவர் ஆற்றின் பக்கம் திரும்பினார்.

"தள்ளினேன்" என்றார் பூதந்தையார்.

பிறகு அவரே நிமிர்ந்தார். நிமிர்ந்தபோது கிழவர் அங்கே இல்லை.

"அமைச்சரே! ஒரு கயிறுதானே என்றீர். கயிறு விடிந்ததும் அவிழ்ந்துவிடும். மரத்தில் அதன் தழும்பு அவிழாது. நாளைக்கு இங்கே ஆடுகிற பிள்ளைகள் அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்து, 'இது யானை கட்டுகிற மரம்' என்று நினைத்துக்கொள்ளும். அப்புறம் அவர்களிடம் எதைச் சொல்லி நம்ப வைப்பீர்? விடுதலை, விடுதலை என்கிறோமே, அது இந்த மரத்தில் இல்லை. இதை வெட்டி ஆற்றிலே விட்டவனுக்குத் தெரியும். எங்கள் மரத்தை நிற்க வைப்பதும் சாய்ப்பதும் எங்கள் முடிவு. வேறு எவனுடைய உத்தரவும் அதில் இல்லை. அன்றைக்கு எங்களிடம் அரசன் இல்லை, படை இல்லை, மரமும் இல்லை. நாடு மட்டும் இருந்தது. ஒரு கூடைக்குள் தும்மிக்கொண்டிருந்தது! அதற்காக ஒருத்தி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் நின்ற இடத்தில் யானையைக் கட்ட வேண்டுமென்றால், முதலில் என்னைக் கட்டுங்கள்!"

"வீரப் பேச்சு" என்றார் அச்சுதக் கண்டர். "சாட்சி எங்கே? உயிரோடு இருக்கும் ஒருவர் உண்டா? எங்கள் முரசு சாட்சி. உமக்கு உமது வாய்தான் சாட்சி. அதில் நூறு முதலை வேறு."

நிலவு உச்சிக் கிளையை நெருங்கிக்கொண்டிருந்தது. யானைப்பாகன் கயிற்றைக் கீழே இறக்கினான். மாநாகர் கண்களை மூடிக்கொண்டார்.

பூதந்தையார் திடீரென்று தோள்களைத் தொங்கவிட்டார்.

"உண்மைதான். என் கதையில் மிகை உண்டு. இத்தனை காலமாக ஒரு பொய் சொல்லி வந்தேன். சேந்தி நூறு பேரை விளக்குக் கழியால் அடித்து வீழ்த்தி மாண்டாள் என்று சொல்லுவேன் இல்லையா? அப்படி இல்லை. உங்கள் வீரன் ஒருவன் கோடரியோடு முதலில் ஓடி வந்தான். அவனைக் கண்டதும் அவள் நடுங்கிப் போனாள். விளக்கைப் போட்டுவிட்டாள். அவன் காலைக் கட்டிக்கொண்டு, 'அண்ணா, என்னை விட்டுவிடுங்கள்; மரத்தை வெட்டியவன் பூதந்தை, அவனைப் பிடித்துக்கொள்ளுங்கள்' என்று கெஞ்சி அழுதாள்..."

அவை திகைத்தது. வாசகர்களே, இதைக் கவனியுங்கள்: எதைச் சொன்னாலும் பத்து மடங்காக்கிச் சொல்லும் அந்த மனிதர், வாழ்நாளில் முதல் முறையாக ஒன்றைக் குறைத்துச் சொன்னார். கொற்றநங்கை, "பூதந்தையாரே!" என்று கூவினாள். கவரிப் பெண் ஒருத்தி விம்மினாள்.

"பொய்!"

அந்தக் குரல் இடி போல விழுந்தது. அச்சுதக் கண்டர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"வாயை மூடும், கிழவரே! அவள் கெஞ்சவில்லை! யார் காலையும் தொடவில்லை! அந்தப் பெண்ணைப் பற்றி இன்னொரு சொல் இப்படிப் பேசினால், தூதன் என்பதை மறந்து..."

அவர் சட்டென்று நிறுத்தினார். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது. அந்த மரத்தடியில் அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். யானையும் மெல்லுவதை நிறுத்தியது.

பூதந்தையார் மிக மெதுவாகக் கேட்டார். முழங்கிய குரல் அல்ல. கேட்பதற்கே பயப்படும் குரல்.

"பிறகு அவள் என்ன செய்தாள், தம்பி?"

அச்சுதக் கண்டரின் பார்வை ஆற்றோரத்து மண்திட்டுக்குப் போயிற்று.

"நீங்கள் வரும்போது பார்த்தேன். ஆற்றோரத்து மண்திட்டை மிதிக்காமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றி வந்தீர்கள். இந்த ஊரில் யாருக்கும் அவள் விழுந்த இடம் தெரியாது. நாங்கள் எல்லோரும் அக்கரையில் இருந்தோமே! சுமாராக நினைத்துக் கிழக்கே கல்லை நட்டோம். இத்தனை காலமாக நான் அவளுக்கு நூறு சாவு கற்பித்திருக்கிறேன். எது நிஜம் என்று தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. சொல்லுங்கள். நாட்டை அப்புறம் பார்க்கலாம். எனக்காகச் சொல்லுங்கள்."

பெருங்கோட்டத்துத் தூதர் தம் மார்பிலிருந்த பேரரையரின் முத்திரைப் பதக்கத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அது இல்லாதபோது அவர் இன்னும் உயரமாகத் தெரிந்தார்.

"எனக்கு அப்போது மீசை அரும்பாத வயது. மரத்தை முதலில் வெட்டும் பெருமை எனக்கு என்று என் தலைவர் கோடரியைக் கையில் கொடுத்திருந்தார். எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடி வந்தேன். இங்கே மரம் இல்லை. வெட்டிய வாயில் பால் ஈரம் காயாத அடிமரம். அதன் மேல் ஒரு பெண், தோளில் கழியைச் சாய்த்து விளக்கைப் பிடித்துக்கொண்டு, ஓர் ஊரே அழுவது போலத் தனியாக ஒப்பாரி பாடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். என் கோடரியைப் பார்த்தாள். பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். 'தாமதமாக வந்துவிட்டாயே தம்பி, வெட்டி முடித்தாயிற்று' என்றாள்."

பூதந்தையார் அந்தச் சொற்களை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"எனக்குப் பின்னாலிருந்து அம்பு வந்தது. ஆற்றோரமாக விழுந்தாள். விழும்போதும் கழியை விடவில்லை. விளக்கு தரையில் மோதப் பார்த்தது. நான் தாங்கிப் பிடித்தேன். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதை அடிமரத்தின் மேல் வைத்தேன்."

"விடியும் வரை எரிந்தது!" என்று கிழவர் கத்தினார். "ஆள் இல்லாமலே எரிந்தது என்று ஆண்டுதோறும் சொன்னேன்! அக்கரையிலிருந்து என் கண்ணால் பார்த்தேன்! இந்த ஊரில் ஒருவர் நம்பவில்லை!"

"நான்தான் எண்ணெய் ஊற்றினேன்" என்றார் அச்சுதக் கண்டர்.

கொற்றநங்கை அவர் அருகில் வந்து நின்றாள். "ஏனாதியாரே, உங்கள் அரண்மனை வாயிலில் இருக்கும் முரசு?"

"பலா மரம், தேவி. வெறுங்கையோடு திரும்ப என் தலைவருக்கு மனமில்லை. வழியில் ஒரு தோப்பில் வெட்டினோம். அதன் முழக்கத்தைக் கேட்கும்போதெல்லாம் அவள் சிரிப்பு எனக்குக் கேட்கும்."

"இதை உங்கள் பேரரையர் முன்னால் சொல்லுவீர்களா? உங்கள் தலை போகுமே?"

"ஒரு பெண் சிரித்துக்கொண்டு நின்ற இடத்தில் நான் நடுங்கிக்கொண்டு நிற்கலாமா? அங்கேயும் சொல்வேன், போகும் வழியில் மலைநாட்டு அரசர்கள் ஒவ்வொருவர் அவையிலும் சொல்லிவிட்டே போவேன். இது என் வாள் மீது ஆணை."

அவர் திரும்பி யானைப்பாகனுக்குக் கை காட்டினார். பொன்னிழைக் கயிறு மறுபடியும் சத்துருபயங்கரனின் முதுகில் ஏறியது. சரியாக அந்த வேளையில் நிலவு மருதத்தின் உச்சிக் கிளையைத் தொட்டது. மூன்று தண்டுகளும் வெள்ளி வார்த்தது போல மின்னின. மாநாகர் கண்ணைத் திறந்து, மலைநாட்டுக்குத் தூது அனுப்ப ஆள் தேடி ஓடினார். அவ்வளவு வேகமாக அவர் நடந்ததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

பூதந்தையார் நொண்டி நொண்டி ஆற்றோரத்து மண்திட்டுக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மண்ணின் மேல் கையை வைத்தார். பிறகு, தலையைத் திருப்பாமலே கேட்டார்:

"அப்படியானால், ஏனாதியாரே, நான் சொன்னது நடந்தது என்று ஒத்துக்கொள்கிறீரா? இந்த அவை கேட்க, ஒரு முறை, வாய்விட்டு?"

அச்சுதக் கண்டர் பாதரட்சைகளைக் கையில் எடுத்துக்கொண்டார். மண்திட்டைச் சுற்றிப் படகுக்கு நடந்தவர், நீரோரத்தில் நின்று திரும்பினார்.

"முதலைகளைப் பற்றி எனக்குத் தெரியாது" என்றார். "மற்றதெல்லாம் நடந்தது."